கணக்கில் ஏறாத தோட்டா

கிட்ட வாங்க கண்ணுங்களா. சால்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு இப்படி நெருங்கி உக்காருங்க, மழைச் சத்தத்துல பேச்சு காதுல விழணுமில்ல. இன்னிக்கு ஒரு புதுக் கதை தரேன். நம்ம மலையில, தேயிலைக்கு மேல இருக்கிற ஒரு ராணுவ முகாமில் நடந்தது. ஆறே ஆறு தோட்டாவைப் பத்தின கதை. ஒண்ணுகூட வெடிக்காது, யாருக்கும் ரத்தம் வராது, அதை முதல்லயே சொல்லிடறேன், பிள்ளைங்க பயந்துடக் கூடாது. ஆனா ஒருத்தனுக்கு உசிரு தொண்டை வரைக்கும் வந்துட்டுப் போச்சு.

எந்த முகாம்னு கேக்காதீங்க. திரிங்காப்பிலிருந்து மேலே ஏறும் ஒரு குறுக்குப் பாதை, அதன் முடிவில் சேதி அனுப்புகிற ஒரு கம்பிக் கோபுரம், அதைக் காவல் காக்க இருபது இருபத்தைந்து ராணுவத்தார். முள்கம்பி வேலிக்குப் பின்புறம் சரிவு. சரிவு முழுக்கத் தேயிலை.

அந்த முகாமின் தோட்டா அறைக்குப் பொறுப்பாக இருந்தவன் கோப்ரல் தனேஸ். திரிங்காப்பில் பூத்தோட்டம் போட்டிருந்த குடும்பம். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து தோட்டம் மொத்தமும் கீழே போய்விட்டது. அதற்கப்புறம் அம்மா, படிக்கிற தங்கச்சி, அவன் மூன்று பேருக்கும் அவன் போட்டிருக்கும் பச்சை உடுப்புதான் சோறு. அந்த உடுப்பு போனால் வேறொன்றும் கிடையாது. இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டா அறைக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி தனேஸிடம், இன்னொன்று முகாம் தலைவர் சார்ஜன் இர்வானிடம். இரண்டு பேரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். உள்ளே இருக்கிற ஒவ்வொரு தோட்டாவுக்கும் பதிவேட்டில் இடம் உண்டு. வந்தது, போனது, திரும்பினது எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். சுட்டுவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது. சுட்ட பிறகு கீழே விழுகிற பித்தளைக் கூட்டைப் பொறுக்கிக் கொண்டுவந்து அதையும் எண்ணிக் காட்ட வேண்டும்.

அன்றைக்கு மேலிடத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள். ஒன்பது மணிக்கு என்று சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்கே இர்வானும் தனேஸும் கதவைத் திறந்துவிட்டார்கள். நம்ம மலை ஈரம் தெரியுமே, சுவரெல்லாம் பூஞ்சை. பின்சுவரைத் துடைக்கலாம் என்று தனேஸ் பெட்டி அடுக்குகிற இரும்புத் தட்டை ஒரு முழம் நகர்த்தினான். தட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பிஸ்கட் டின்.

பார்த்ததும் அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது.

என்ன நடந்ததென்றால், மூன்று மாசத்துக்கு முன்னால் குறி சுடும் பயிற்சி. இருநூறு தோட்டா வெளியே போனது. நடுவில் பேய்மழை பிடித்துக்கொண்டு, பாதியில் எல்லாரும் ஓடி வந்தார்கள். மிச்சத் தோட்டாக்களை மேசையில் கொட்டினார்கள். அதில் சிலது சேற்றில் விழுந்து, பூட்ஸ் மிதிபட்டு, மூக்கு நசுங்கிக் கிடந்தன. தனேஸ் எண்ணினான். நாற்பத்தாறு. நசுங்கின ஆறையும் ஓரமாக ஒதுக்கிவிட்டுத்தான் நாற்பத்தாறு.

ஏன் ஒதுக்கினான்? அந்தக் கை பூக்கொட்டகையில் பழகின கை. செவ்வந்தி கட்டும்போது கட்டுக்குப் பத்துத் தண்டு. ஒடிந்த தண்டை எண்ணவே மாட்டார்கள், பக்கத்து வாளியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஏழு வயசிலிருந்து அப்படி எண்ணின கை. தோட்டா வேற, பூ வேற என்று கைக்குத் தெரியவில்லை. நல்லதை மட்டும் எண்ணி எழுதிவிட்டு, கெட்டதை டின்னில் போட்டு, இதை எப்படித் திருப்பி அனுப்புவது என்று காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்தான். காலையில் கம்போங் ராஜா பாதையில் மண்சரிவு. பத்து நாள் மண் அள்ளப் போய்விட்டான். திரும்பி வந்தபோது டின் அவன் மனசில் இல்லை.

ஆக, சுடாத ஆறு தோட்டாவைச் சுட்டதாகப் பதிவேடு சொல்கிறது. அப்படியானால் ஆறு பித்தளைக் கூடு குறையுமே? குறைந்தது. மழையில் புல்லுக்குள் தொலைந்துவிட்டது, தேடியும் கிடைக்கவில்லை என்று ஒரு காகிதம் எழுதினார்கள். அதில் கையெழுத்துப் போட்டவர் சார்ஜன் இர்வான்.

இர்வான் டின்னை நெம்பித் திறந்து பார்த்தார், அழுத்தி மூடினார். மலாய்க்காரர்தான், அவர்கள் பேசிக்கொண்டது மலாயில். நான் நம்ம பேச்சில் சொல்கிறேன்.

"இது என்னடா?"

தனேஸ் சொன்னான்.

"பெட்டியில போட்டுடலாமா, சார்ஜன்?"

"போட்டா பதிவேட்டை விட ஆறு கூடும். பதிவேட்டுல பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அடிச்சிருக்கு, கிழிக்கவும் முடியாது. கூடினாலும் குத்தம்தான். எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. கேட்டா என் காகிதம் வெளிய வரும். தேடினோம்னு எழுதியிருக்கேன். தேடினோமா?"

"மழை, சார்ஜன்."

"மழைதான். தேடல." இர்வான் வாசலைப் பார்த்தார். "இருபத்தொரு வருஷம் தனேஸ். இன்னும் நாலு மாசம். வீட்டுக்குப் போகப் போறேன். உனக்கும் அம்மா இருக்காங்க." டின்னை அவன் மழைக்கோட்டுப் பைக்குள் திணித்தார். "பின்னால சரிவு இருக்கு. ஆறையும் ஆறு பக்கமா எறிஞ்சிட்டு வா. செடிக்குள்ள போனது போனதுதான். யாரும் பாக்க மாட்டாங்க."

அவர் கெட்டவர் இல்லை பிள்ளைகளா. மண்சரிவில் தனேஸுக்குப் பக்கத்தில் நின்று மண் அள்ளினவர். பயம் வந்தால் நல்லவன் வாயிலிருந்தும் இப்படித்தான் வரும்.

அப்போது வயர்லெஸ்ஸில் சேதி: ரிங்லெட் பக்கம் ஒரு காய்கறி லோரி பாதையை மறித்துக் கவிழ்ந்து கிடக்கிறது, சோதனைக்காரர்கள் வர ஒரு மணி நேரம் தாமதம். இர்வான் தனேஸைப் பார்த்தார். போ என்பதுபோல.

தனேஸ் வேலிக்குப் பின்னால் போனான். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு மேடு. அங்கே நின்று டின் மூடியை இழுத்தான். துருப்பிடித்த மூடி வரவில்லை. நகத்தைக் கொடுத்து நெம்பினான். மூடி சட்டென்று விட்டது, கால் வழுக்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"என்ன கோப்ரல் தம்பி, மேல நின்னு எங்க தலையில எதைக் கொட்டப் போற?"

கீழே, பத்தடி தள்ளி, ரஞ்சிதம். அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் கொழுந்து எடுக்க மலை ஏறுகிற இரண்டு மூன்று தமிழ்ப் பொம்பளைகளில் ஒருத்தி. அவளுக்குப் பின்னால் வங்காளதேசத்து ஆட்கள் நாலு பேர், ஆளுக்கு ஒரு பெரிய கத்தரி. கத்தரியோடு ஒரு பெட்டி ஒட்டியிருக்கும், வெட்டுகிற கொழுந்து அதில் விழும்.

"ஒண்ணுமில்லக்கா."

"போன வாரம் உங்க குசினிக்காரன் மீன் கழுவுன தண்ணிய இங்கதான் ஊத்தினான். துரை வந்து மோந்து பாத்துட்டு, தேயிலையில என்ன நெத்திலி வாடைங்கிறாரு. டின்னுல என்ன, பிஸ்கட்டா?"

"காலி டின்னுக்கா."

"காலி டின்னையா பச்சப்பிள்ளை மாதிரி அணைச்சுக்கிட்டு நிக்கிற? ஆளுக்கொண்ணு போட்டாத்தான் என்ன லா. கோப்ரலானா கை மூடிக்குமா?"

கத்தரிகள் சடசடவென்று வெட்டிக்கொண்டே மேலே வந்தன. இந்தச் செடிக்குள் எறிந்தால் என்ன ஆகும் என்று தனேஸ் நினைத்தான். நாளைக்கு ஒரு கத்தரி அதைக் கடிக்கும். இல்லையென்றால் கொழுந்தோடு ஃபேக்டரிக்குப் போகும். இல்லையென்றால் மழையில் உருண்டு கீழே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்து வாசலில் போய் நிற்கும், ஏதாவது ஒரு குழந்தை அடுப்பில் போடும். அவன் மூடியை அழுத்தி மூடி, டின்னைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டான்.

இர்வான் கண்ணாலேயே கேட்டார். தனேஸ் தலையை ஆட்டினான், இல்லை என்று. இர்வானின் முகம் சாம்பலாய்ப் போனது. ஒரு வார்த்தை பேச நேரமில்லை. லோரியை நினைத்ததைவிடச் சீக்கிரம் நகர்த்திவிட்டார்கள் போல, கேட்டில் ஜீப் ஹார்ன் அடித்தது.

வந்தவர்கள் இரண்டு பேர். கேப்டன் ஹஸ்லினா, கண்ணாடி போட்ட ஒல்லியான அம்மா. குரலை உயர்த்தாமல் பேசுகிறவர், மரியாதைக்குப் புவான் என்று கூப்பிடுவார்கள். கூட ரெங்கசாமி, வாரண்ட் ஆபீசர். எல்லாரும் அவரை என்சிக், அதாவது ஐயா, என்று கூப்பிடுவார்கள். நம்ம ஆள். பேராக் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவர். எண்ணுகிறதில் அவரை யாரும் ஏமாற்றினதில்லை என்று பேர்.

பூட்டைப் பார்த்தார்கள். மணல் வாளியைப் பார்த்தார்கள். ஈரம் காட்டுகிற கருவியைப் பார்த்துக் கேப்டன் எதையோ குறித்துக்கொண்டார். முத்திரை உடைக்காத பெட்டிகளில் முத்திரையைத் தடவிப் பார்த்தார் ரெங்கசாமி. உடைத்த பெட்டியை மேசையில் பச்சைத் துணி விரித்துக் கவிழ்த்தார். பத்துப் பத்தாக வரிசை வைத்து எண்ணினார். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு தட்டு, விரலால். தனேஸின் கோட்டுப் பையில் டின் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தது. மூச்சு விட்டால்கூட உள்ளே சத்தம் கேட்குமோ என்று அவனுக்குப் பயம். எதிர்ச் சுவரோரம் இர்வான் விறைப்பாக நின்றார், அவனைப் பார்க்கவே இல்லை.

"சரியா இருக்கு, புவான்," என்றார் ரெங்கசாமி. "பதிவேடும் தோட்டாவும் ஒண்ணுக்கொண்ணு சரி."

கேப்டன் பேனாவைத் திறந்தார். படிவத்தில் கடைசியாக ஒரு கேள்வி உண்டு. எல்லாரும் இல்லை என்று சொல்கிற கேள்வி. ரெங்கசாமி முன்கூட்டியே அந்தக் கட்டத்தில் இல்லை என்று எழுத விரலை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பதிவேட்டுல ஏறாத தோட்டா இந்த முகாம்ல எங்கயாவது இருக்கா?"

இர்வான் சொன்னார்: "இல்லை, புவான்."

கேப்டன் தனேஸைப் பார்த்தார். சும்மா சம்பிரதாயத்துக்குத்தான். பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது. அவன் இல்லை என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சாயந்தரம் டின்னைக் கொண்டுபோய் எங்கேயாவது புதைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பொய்க்கு நாக்கு புரளவில்லை.

"இருக்கு, புவான்."

"எத்தனை?"

"ஆறு."

டின்னை எடுத்து மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னான். பூக்கொட்டகை, ஒடிந்த தண்டு, மழை, எல்லாம். கேப்டன் முகம் மாறவில்லை. ரெங்கசாமி மூடியைத் திறந்து துணியில் கொட்டினார். வரிசை வைத்தார். விரல் பாதியில் நின்றது.

"அஞ்சு," என்றார்.

அப்புறம் ரெங்கசாமி தமிழில், மெதுவாக, "தம்பி, நல்லா யோசிச்சுச் சொல்லு. ஆறா, அஞ்சா?"

"ஆறுதான் என்சிக். நானே போட்டேன். காலையில சார்ஜனும் பாத்தாரு."

இப்ப பாருங்க பிள்ளைகளா. ஆறு கூடுதலாக இருந்தால் அது எழுதத் தெரியாதவன் பிழை. ஒன்று குறைந்தால் அது வேற. அஞ்சை ஒப்படைத்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டவன் என்று ஆகிவிடும். அதற்குப் போலீஸ் வரும், விலங்கு வரும். உடுப்பு மட்டுமில்லை, உடுப்புக்குள் இருக்கிற ஆளும் போய்விடுவான்.

கேப்டன் கேட்டைப் பூட்டச் சொன்னார். எல்லார் ஹேண்ட்போனையும் வாங்கி ஒரு பையில் போடச் சொன்னார். அப்புறம் தனேஸின் முன்னால் வந்து நின்றார்.

"காலையிலிருந்து இந்த டின்னை எங்கெல்லாம் எடுத்துட்டுப் போனே?"

"பின்னால சரிவுக்கு, புவான்."

"எதுக்கு?"

"எறியறதுக்கு. மூடி சட்டுனு விட்டுது. அப்ப விழுந்திருக்கும்."

"யார் எறியச் சொன்னது?"

அவன் இர்வான் பக்கம் திரும்பவில்லை. "நடந்து போனது நான்தான், புவான்."

"நான் அதைக் கேக்கல."

கேப்டன் வாசலைக் காட்டி, "முதல்ல தோட்டா," என்றார்.

பன்னிரண்டு பேர் சரிவில் இறங்கினார்கள். பூட்ஸ் காலோடு செடிக்குள் புகுந்து, கிளையை மடக்கி, இலையை உதறித் தேடினார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றுமில்லை. மேற்கே மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் வெட்டின கொழுந்து பதினோரு மணி லோரியில் போய்விட்டது என்று தெரிந்ததும் கேப்டன் ஃபேக்டரிக்குப் போன் போட்டு, அந்த மூட்டைகளை மிஷினில் கொட்டாமல் தனியாக வைக்கச் சொன்னார். தனேஸ் முழங்கால் போட்டு மண்ணைத் தடவிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு காவலன் துப்பாக்கியோடு நின்றான். நேற்று இராத்திரி அவனோடு ஒரே தட்டில் மீ கோரிங் சாப்பிட்டவன்.

"யாருடா அது, செடிய மாடு மாதிரி மிதிக்கிறது?"

ரஞ்சிதம் இரண்டு நிரை தாண்டி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். ரெங்கசாமி கிட்டே போய், ஒரு தோட்டா விழுந்துவிட்டது என்று சொன்னார். அவள் தனேஸைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கினாள்.

"காலையில டின்னோட நின்னியே, அதுவா?"

"ஆமாக்கா."

"நீங்க தேடறது தப்பு சார்," என்றாள் ரெங்கசாமியிடம். "சரிவுல எது விழுந்தாலும் இலை மேல தங்காது, வழுக்கி உள்ள போயிடும். உருண்டு போயி அடுத்த செடியோட தண்டுல முட்டி நிக்கும். தண்டுக்கு மேல்பக்கம், சருகுக்குள்ள. எத்தனை கத்தரி, எத்தனை சாப்பாட்டுக் கிண்ணம் அப்படி எடுத்திருக்கேன். உங்க ஆளுங்கள வெளிய வரச் சொல்லுங்க. மிதிச்சா இன்னும் உள்ள போயிடும்."

கேப்டன் விசிலை ஊதினார். ராணுவத்தார் வெளியே வந்தார்கள். ரஞ்சிதம் தன் ஆட்களை நிரைக்கு ஒருத்தராக நிறுத்தினாள். தானும் ஒரு நிரையைப் பிடித்துக்கொண்டாள். கீழே இருந்து மேலே, ஒவ்வொரு தண்டாக, மேல்பக்கத்துச் சருகில் விரலை விட்டுத் துழாவிக்கொண்டு ஏறினார்கள். தனேஸுக்கு இடம் கொடுக்கவில்லை. மேட்டில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். அதுதான் அவனுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரு நிரை முடிந்தது, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. பெரிய பெரிய சொட்டாக மழை விழ ஆரம்பித்தது. இன்னும் கால் மணி நேரத்தில் சரிவெல்லாம் வாய்க்கால் ஓடும், எது எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது நிரையில் ரஞ்சிதம் நின்றாள். குனிந்தாள். எழுந்து, எதையோ கைலியில் துடைத்தாள்.

"இதுவா? எங்க வீட்டு மொளகா இதை விடப் பெருசு."

"கீழ வைங்க, அம்மா," என்று கேப்டன் முதல்தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"வெடிக்கிறதா இருந்தா தொடச்சப்பவே வெடிச்சிருக்கும் லா," என்றாள் ரஞ்சிதம். ஆனாலும் வைத்துவிட்டாள்.

ரெங்கசாமி குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பினார். அதில் பொறித்த எழுத்தும் வருஷமும் மற்ற அஞ்சோடு ஒன்றாக இருந்தது. மூக்கு அதே மாதிரி நசுங்கியிருந்தது. அவர் மேட்டைப் பார்த்து ஆறு விரலைக் காட்டினார். தனேஸ் முகத்தைக் கோட்டுக்குள் புதைத்துக்கொண்டான்.

மத்தியானம் முழுக்கக் கேப்டன் மறுபடி எல்லாவற்றையும் எண்ண வைத்தார். ஒரு பெட்டி விடாமல். ஆறு மட்டும்தான் கூடுதல். அப்புறம் வாக்குமூலம் எழுதினார்கள். ரெங்கசாமி எழுதினதைப் படித்துக் காட்டினார். "எறிந்துவிடும் எண்ணத்துடன் கோப்ரல் தனேஸ் தானாகவே சரிவுக்குச் சென்றார்" என்கிற இடம் வந்ததும், இல்லை என்று சொன்னதற்கப்புறம் வாய் திறக்காமல் இருந்த இர்வான் ஒரு அடி முன்னால் வந்தார்.

"தானாகவேங்கிறதை அடிச்சிடுங்க, என்சிக். நான் சொல்லித்தான் போனான். அந்தக் கூடு காகிதமும் பொய். நாங்க தேடல."

கேப்டன் பேனாவை அவரிடம் நீட்டினார். "உங்க கையாலயே எழுதுங்க, சார்ஜன்."

விசாரணை இரண்டு மாசம் நடந்தது. இர்வானுக்குக் கண்டனக் கடிதம் வந்தது, ஓய்வு தேதியும் தள்ளிப்போனது. ஆனாலும் வீட்டுக்குப் போனார். தனேஸின் உடுப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று விசாரணைக் குழு ரொம்ப நேரம் பேசியது. கடைசியில் கேப்டனைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்கள்: "கணக்கு சரியா இருந்தது. அவன் சொல்லாம இருந்திருந்தா நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்களா?"

"மாட்டேன்," என்றார் ஹஸ்லினா. "கையெழுத்துப் போட்டிருப்பேன்."

அந்த ஒரு வார்த்தைதான். தனேஸின் இரண்டு பட்டையில் ஒன்று போனது. தோட்டா அறைச் சாவியும் போனது. உடுப்பு மிஞ்சியது. இப்போது முகாம் கேட்டில் காவல் நிற்கிறான். தங்கச்சி படித்து முடிக்கப் போகிறாள்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. மழையும் விட்டுப்போச்சு, எழுந்து பார்த்துப் போங்க, படி வழுக்கும். கெட்ட சேதி சுமந்த வண்டி உங்க வாசல்ல ஒருநாளும் நிக்காம இருக்கட்டும். வேலைக்குப் போறவங்க போன மாதிரியே முழுசா வீடு திரும்பட்டும். சொல்லக் கஷ்டமானதைச் சொல்றப்ப உங்க பிள்ளைங்களுக்கு எதிர்ல நிதானமாக் கேக்கிற ஒரு ஆள் வாய்க்கட்டும். அடுப்பு கதகதன்னு இருக்க, எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டு, நல்லா இருங்க.